நீலாங்கரைச் சம்பளமும் நன்னிலத்துப் பத்தாயமும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): நன்னிலம் வட்டத்துக் கிராமம் ஒன்றில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். அரிசி ஆலையில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். பிடித்தம் போகக் கைக்கு 19,000 ரூபாய் வருகிறது. மனைவி தையலில் மாதம் 6,000 ரூபாய் வரை சம்பாதிக்கிறார். நாலு மா நிலம் உண்டு (ஒரு மா என்பது ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு). மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பும், மகன் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னை நீலாங்கரையில் கடற்கரையை ஒட்டிய விடுதி ஒன்றில், ஸ்டோர்ஸ் கணக்கு மேற்பார்வையாளராக 37,500 ரூபாய் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. ஆவணியில் சேரச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 14,000 ரூபாய். ஆறு மாத முன்பணம் கேட்கிறார்கள். பாலவாக்கத்தில் 8 லட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டுப் போக்கியத்தில் ஒரு வீடு இருப்பதாக என் மைத்துனர் சொல்கிறார். இரண்டு மாவை விற்றால் அந்தப் பணம் கிடைத்துவிடும். அம்மா வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். குடும்பத்தோடு போகலாமா? நிலத்தை விற்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். நிலத்தை விற்க வேண்டாம். குடும்பத்தை இந்த ஆண்டு அழைத்துச் செல்லவும் வேண்டாம். இந்த மூன்றையும் ஒன்றாகச் சொல்வது உங்களுக்கு முரணாகத் தோன்றலாம் என்பதால், கும்பகோணத்தில் என்னிடம் நேரில் வருகிறவர்களிடம் எப்படிக் கணக்குப் போட்டுக் காட்டுவேனோ அப்படியே இங்கும் போட்டுக் காட்டுகிறேன்.

நீங்கள் இணைத்திருக்கும் வேலைக் கடிதத்தின் நகலைப் படித்தேன். அதில் தடித்த எழுத்தில் இருக்கும் 37,500 என்பது ‘சிடிசி’, அதாவது நிறுவனம் உங்கள் பொருட்டு மாதந்தோறும் செலவிடும் மொத்தத் தொகை. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று காட்டியிருக்கிறார்கள். அதில் 12 விழுக்காடான 1,800 ரூபாய் உங்கள் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குப் போகும். நிறுவனம் செலுத்த வேண்டிய இன்னொரு 1,800 ரூபாயும் அந்த 37,500-க்குள்ளேயே அடக்கம். பணிக்கொடைக்கென்று (கிராஜுவிட்டி) மாதம் 721 ரூபாய் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாண்டு வேலை பார்த்த பிறகு பேச வேண்டிய பணம் அது. மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 ரூபாய். இவையெல்லாம் போக உங்கள் கைக்கு வரப்போவது ஏறத்தாழ 33,000. வைப்பு நிதியில் சேர்வது உங்கள் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு மாத வாடகை கொடுக்க முடியாது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவது, இருவர் உழைப்பும் சேர்ந்து, 25,000. குடும்பத்தோடு சென்னைக்குப் போனால் உங்கள் மனைவியின் தையல் வருமானம் குறைந்தது ஆறு மாதத்துக்கு நின்றுவிடும். அளவு ரவிக்கை கொடுத்துவிட்டுப் போகும் வாடிக்கையாளர்கள் புதிய தெருவில் ஒரே நாளில் கிடைத்துவிட மாட்டார்கள். போதாததற்கு, நீங்கள் கிளம்பும் ஆவணியை அடுத்து வருவது தீபாவளி. தையல் வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஆறு வாரம்தான் அறுவடை. ஆக, 25,000 இருந்த இடத்தில் 33,000 வரும், அதிலிருந்து 14,000 வாடகைக்குப் போகும், மீதி 19,000. அதாவது, இன்று நீங்கள் தனியாகக் கொண்டுவரும் அதே தொகையில் ஐந்து பேர் சென்னையில் வாழ வேண்டும். சம்பளம் இரட்டிப்பாகிறது என்று கடிதத்தில் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். குடும்பக் கணக்கில் அது மாதம் 6,000 ரூபாய் குறைகிறது.

குறைவது அதோடு நிற்காது. நீங்கள் அனுப்பியிருக்கும் வரவு செலவுப் பட்டியலில் அரிசி என்ற சொல்லே இல்லை. இல்லாததற்குக் காரணம், சம்பா அறுத்ததும் வீட்டுக்கு வேண்டியதைப் பத்தாயத்தில் போட்டுவிட்டு மீதியைத்தான் கொள்முதல் நிலையத்துக்கு அனுப்புகிறீர்கள். மாதம் 35 கிலோ என்று வைத்துக்கொண்டு கடை விலையில் வாங்கிப் பாருங்கள், 2,000 ரூபாய்க்குக் குறையாது. கொல்லையில் ஒடிக்கும் முருங்கைக்கீரைக்கும், மரத்திலிருந்து இறக்கும் தேங்காய்க்கும் நீங்கள் விலை போட்டதில்லை. பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள். தண்ணீருக்குக் காசு கொடுத்த நினைவே உங்களுக்கு இருக்காது. சொந்த வீட்டில் இருக்கிறவர் தமக்குத் தாமே வாடகை கொடுத்துக்கொள்கிறார் என்பது என் தொழிலில் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும் ஒரு விஷயம். கிராமத்து மனிதருக்கு அது அரிசியாகவும் கீரையாகவும் தண்ணீராகவும் சேர்ந்தே வருகிறது. இந்த வருமானம் எந்தச் சம்பளச் சீட்டிலும் இருப்பதில்லை என்பதால், ஊரை விட்டுக் கிளம்பும்போது அதைக் கழிக்க மறந்துவிடுகிறோம்.

சரி, பிறகு ஏன் வேலையை ஏற்கச் சொல்கிறேன்? நீங்கள் மட்டும் போனால் கணக்கு முழுவதும் திரும்பிவிடுகிறது. விடுதியிலேயே தங்குமிடமும் சாப்பாடும் கிடைத்தால், பேருந்து, தொலைபேசி, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் ரயில் செலவு எல்லாம் சேர்த்து உங்களுக்கு 5,000 ரூபாய் போதும். 28,000 வீட்டுக்கு வரும், மனைவியின் 6,000 தொடரும். மாதம் 9,000 ரூபாய் உண்மையாகவே கூடுகிறது. தங்குமிடம் கொடுக்காமல் வெளியில் அறையைப் பகிர்ந்துகொண்டு மெஸ்ஸில் சாப்பிட வேண்டியிருந்தால் இந்த ஆதாயத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். ஆகவே, ‘தங்குமிடம் பற்றிச் சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று அவர்கள் சொன்னதை நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. சேர்ந்த பிறகு பேசினால் அது சலுகை; சேரும் முன் பேசினால்தான் நிபந்தனை. கடற்கரை விடுதிகளில் சமையல்காரர்களுக்கும் அறை பராமரிப்பவர்களுக்கும் தங்க இடம் ஒதுக்குவது வழக்கமான ஏற்பாடுதான். மேற்பார்வையாளருக்குத் தனி அறை இல்லாவிட்டாலும் பங்கு அறை கேட்பதில் கூச்சம் வேண்டாம். சம்பளத்தில் இன்னும் 2,000 கூட்டித் தருகிறோம், தங்குமிடம் கிடையாது என்றால், அந்த 2,000 உங்களுக்கு வேண்டாம்.

விடுப்பைப் பற்றியும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஆலைக்கும் விடுதிக்கும் இதில் மிகுந்த வேறுபாடு உண்டு. ஊரார் ஓய்ந்திருக்கும் நாள்தான் விடுதிக்குக் கூட்ட நாள்: சனி, ஞாயிறு, தீபாவளி, ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல். உங்கள் வார விடுப்பு பெரும்பாலும் செவ்வாயோ புதனோதான் வரும். அன்று பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பொங்கல் விடுமுறைக் கூட்டம் அங்கே நிறைந்து வழியும் அதே தை மாதத்தில்தான் இங்கே உங்கள் சம்பா அறுப்புக்கு நிற்கும். எனவே தையில் தொடர்ச்சியாக ஐந்து நாள் விடுப்பு வேண்டும் என்பதை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். எழும்பூரிலிருந்து மயிலாடுதுறை வழியாக வரும் இரவு ரயிலில் ஏறினால் விடிவதற்குள் நம் பக்கம் வந்துவிடலாம் என்பது ஓர் ஆறுதல்.

பலரும் கவனிக்காத இன்னொன்று இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு. உங்கள் ஆலையில் அதற்குப் பிடித்தம் செய்கிறார்கள் என்பது நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் தெரிகிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குத்தான் அந்தத் திட்டம். தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு என்பதால் உங்களிடம் பிடிப்பது 160 ரூபாயைத் தாண்டுவதில்லை. அந்தச் சிறு தொகைக்கு மனைவி, மக்கள், உங்களைச் சார்ந்திருக்கும் தாயார் உட்பட எல்லோருக்கும் மருத்துவ வசதி இருக்கிறது. புதிய சம்பளத்தில் நீங்கள் அந்த வரம்புக்கு வெளியே போய்விடுகிறீர்கள். விடுதி நிறுவனம் குழு மருத்துவக் காப்பீடு தருகிறதா, தந்தால் அதில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பல நிறுவனக் காப்பீடுகளில் மனைவி மக்களோடு நிறுத்திவிடுவார்கள். தாயாரைச் சேர்க்க முடியாது என்றால், சர்க்கரை நோயுள்ள 68 வயதுக்காரருக்குத் தனியே காப்பீடு எடுப்பதற்கான கட்டணத்தை விசாரித்து, நான் மேலே சொன்ன 9,000 ரூபாயிலிருந்து முதலில் கழித்துவிடுங்கள்.

இனி போக்கியத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உடனே பதில் எழுத வைத்தது இதுதான்.

உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். 8 லட்சம் கொடுத்தால் மூன்றாண்டு வாடகை இல்லை, முடிவில் 8 லட்சமும் திரும்பி வரும், நமக்கு நட்டம் என்ன என்பது கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அவர் உங்களிடம் 8 லட்சம் கடன் வாங்குகிறார்; வட்டியாக மாதம் 14,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். ஆண்டுக்கு 1,68,000, அதாவது 21 விழுக்காடு வட்டி. அதே வீட்டின் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்தால் ஏறத்தாழ இதில் பாதி வட்டிக்கே அவருக்குக் கடன் கிடைக்கும். பாதி வட்டிக்குப் பணம் கிடைக்கும்போது ஒருவர் ஏன் முழு வட்டிக்கு வாங்குகிறார்? எல்லாப் போக்கியமும் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை, நம் ஊரிலேயே நாணயமாக நடக்கும் போக்கியங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பெருநகரத்தில், முன்பின் தெரியாத ஒருவர், விலை மதிப்புள்ள கடற்கரைப் பகுதி வீட்டைப் போக்கியத்துக்கு விடுகிறார் என்றால், அந்த வீட்டின் மேல் ஏற்கனவே வங்கிக் கடன் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நான் வங்கிப் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், தவணை நின்றுபோன வீடு ஒன்றைச் சுவாதீனம் எடுக்கச் சென்ற குழுவில் ஒருவனாகப் போயிருந்தேன். கதவைத் திறந்தவர் கடன் வாங்கியவர் இல்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளின் தாய். விஷயத்தைச் சொன்னதும் அவர் உள்ளே போய், அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் 20 ரூபாய் முத்திரைத்தாளில், பதிவு செய்யப்படாத போக்கியப் பத்திரம்; ஐந்து லட்சம் ரூபாய், இரண்டு சாட்சிக் கையெழுத்து. மடிப்பில் தாள் கிழிந்துவிடாமல் டேப் ஒட்டி வைத்திருந்தார். அவர் பணம் கொடுப்பதற்கு ஓராண்டு முன்பே அந்த வீட்டின் அசல் பத்திரம் எங்கள் வங்கிப் பெட்டகத்துக்கு வந்துவிட்டது. 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி, வாராக் கடனுக்கு ஈடாக இருக்கும் சொத்தை வங்கி கைப்பற்றி ஏலம் விடலாம். அந்த அம்மாளின் தாள் அந்த ஏலத்தைத் தடுக்க உதவவில்லை. வீட்டுக்காரர் மேல் வழக்குப் போடலாம் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அந்த ஆலோசனையின் பெறுமானம் எவ்வளவு என்பது எனக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

என்றைக்காவது போக்கியத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், முப்பது ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். மூலப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசல் பாதுகாப்பாக ஊரில் இருக்கிறது, இப்போதைக்கு நகலைப் பாருங்கள் என்று சொன்னால், அசல் ஏதோ ஒரு வங்கியில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போக்கியம் சட்டத்தின் பார்வையில் அடமானம் என்பதால் அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். வீட்டுக்காரர் பதிவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இந்தப் போக்கியத்துக்காக இரண்டு மாவை விற்பது பற்றி நான் தனியே எழுத வேண்டியதில்லை என்றாலும் ஒன்று மட்டும் சொல்கிறேன். விற்ற விலைக்கு அதே நிலத்தை மூன்றாண்டு கழித்து வாங்க முடிந்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. விடுதி வேலை பிடிக்காமல் போகலாம், விடுதியே கைமாறலாம். அப்போது திரும்பி வர உங்களுக்கு ஒரு வீடும் பத்தாயத்துக்கு நெல்லும் இருக்கின்றன என்பதுதான் அந்த வேலையில் உங்களைப் பயமில்லாமல் இருக்க வைக்கும்.

உங்களுக்குக் கைப்பணம் தேவைப்படும் என்பது உண்மை. அது உங்களிடமே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பதினொரு ஆண்டு வேலை பார்த்த ஆலையிலிருந்து விலகும்போது உங்களுக்குப் பணிக்கொடை உண்டு. 1972-ஆம் ஆண்டிலிருந்து சட்டப்படி இருந்துவரும் உரிமை இது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் ஆலைக்குப் பொருந்தும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். உங்கள் சீட்டில் அந்தக் கூட்டுத்தொகை 12,000 என்று இருக்கிறது. எனவே ஏறத்தாழ 76,000 ரூபாய் வர வேண்டும். முப்பது நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஆலை முதலாளியிடம் உறவு கெடாமல், விலகல் கடிதத்தோடு பணிக்கொடை விண்ணப்பத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் கேட்கவே கூச்சமாகிவிடும். வருங்கால வைப்பு நிதியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், வைப்பு நிதிக் கணக்குக்கான அதே யூ.ஏ.என். எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்துக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்த 76,000 ரூபாயை அடுத்த ஆண்டுக்கென்று அஞ்சலகத்திலோ வங்கியிலோ வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் ஆவணியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அந்த ஊரில் இருந்து பார்த்தால்தான் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பது தெரியும். கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே உயர்ந்த மதில் வைத்த வீடுகள், அவை நமக்கில்லை. மேற்கே பக்கிங்காம் கால்வாய் வரை நெருக்கமான சிறு வீடுகள் இருக்கின்றன. உங்கள் 14,000 ரூபாய் வீடு அங்கேதான் இருக்க வேண்டும். கால்வாயையும் பழைய மகாபலிபுரம் சாலையையும் தாண்டி மேற்கே போகப் போக வாடகை இறங்கும் என்று தரகர் சொல்வார். இறங்குவது வாடகை மட்டும் இல்லை, தரையும்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகளில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாய்க்கால் எது, வடிகால் எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மழைவிட்ட மறுநாள் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். சுவரில் ஈரம் எதுவரை ஏறிய தடம் இருக்கிறது என்று பாருங்கள், எதிர்வீட்டுப் பாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். தரகர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

மழைக்குப் பார்ப்பது போலவே கோடைக்கும் பார்க்க வேண்டும். நம் ஊரில் தண்ணீர் வரவில்லை என்றால் மேட்டூர் திறக்கவில்லை என்று பொருள்; அங்கே அதற்கு லாரி வரவில்லை என்று பொருள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு இயங்குகிறது. 15 கோடி லிட்டர் கொள்ளளவில் இன்னொன்று 2024-இல் சேர்ந்தது. ஆனாலும் தெருவுக்குத் தெரு நிலைமை வேறுபடும். குழாய் இணைப்பு உண்டா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா, எந்த மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கத் தொடங்குவார்கள், அந்தச் செலவு வாடகையில் சேர்த்தியா என்ற கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். (கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகும் நம் காவிரித் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்களுக்கு முன்பே அது அங்கே குடியேறிவிட்டது.)

மின்சாரத்தில் ஒரு சிறு கண்ணி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்கு. மூன்று குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு வைத்து, உள்ளே தனித்தனியாகச் சிறு மீட்டர் போட்டு, வாரியத்தின் விலைக்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலிக்கும் வீடுகள் நிறைய உண்டு. தனி இணைப்பு உள்ள வீட்டையே பாருங்கள்.

ஆறு மாத முன்பணம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வழக்கம் சட்டத்துக்கு இன்னும் முழுதாக வழிவிடவில்லை என்றாலும், சட்டத்தைச் சொல்லி மூன்று மாதத்துக்குப் பேரம் பேசும் இடம் உங்களுக்கு இருக்கிறது. மூன்று மாதம் என்றால் 42,000; பணிக்கொடைப் பணத்திலேயே அது அடங்கிவிடும், சாமான் ஏற்றிவரும் வண்டிக் கூலியும் அடங்கும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் சென்னையில் வேலை பார்த்தபோது பத்து மாத முன்பணம் கொடுத்து ஒரு வீட்டில் குடியிருந்தேன். காலி செய்த நாளில் வீட்டுக்காரர் சுவரில் நான் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிடித்தம் எழுதினார். வங்கியில் அதிகாரியாக இருந்தும் இதை முன்கூட்டியே எழுதி வாங்கத் தோன்றாத என்னைத்தான் நான் நொந்துகொண்டேன்.

குடும்பம் போவதாக இருந்தால் அது அடுத்த ஜூனில், பள்ளி திறக்கும்போதுதான். உங்கள் மகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடற்கரைப் பக்கம் போனதும் தனியார் பள்ளியில் சேர்த்தால்தான் மரியாதை என்று நாலு பேர் சொல்வார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அப்படிப் படித்த பெண் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் தரப்படுகிறது. இடையில் ஓராண்டு கட்டணப் பள்ளிக்கு மாறினாலும் இந்த வரிசை அறுந்துபோகும். சென்னையிலும் அரசுப் பள்ளியிலேயே சேருங்கள். பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகலாம் என்பதால், மனைவிக்கும் மகளுக்கும் போக்குவரத்துச் செலவு பெரிதாக இராது.

நிலத்தைப் பொறுத்தவரை, இந்தப் போகத்தை உங்கள் மனைவியே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. அடுத்த ஆண்டு குத்தகைக்கு விடுவதானால், குத்தகைதாரர் உரிமை கொண்டாடிவிடுவார் என்ற பயத்தில் வாய்மொழியாக விடுவது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தால் இரு தரப்புக்கும் தொல்லைதான். எத்தனை மூட்டை, எத்தனை போகம், என்று திரும்பக் கொடுப்பது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிப் பதிவேட்டில், யார் பெயர் ஏறுகிறது என்பதையும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போடும்போதும், வெள்ள நிவாரணம் வரும்போதும் தகராறு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உங்கள் தாயார் வரமாட்டேன் என்பதைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மருந்து மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் மாதந்தோறும் வீட்டுக்கே வந்து கொடுப்பதாகவும், வாசல் திண்ணையில் பேச நாலு பேர் இருப்பதாகவும் நீங்களே வேறு பத்தியில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில், பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று யோசித்தால், அவர் உங்களைவிட முன்பே கணக்குப் போட்டுவிட்டார் என்று தோன்றுகிறது. இந்த ஓராண்டில் அவர் தனியாக விடப்படவில்லை என்பதும் நான் சொல்லும் ஏற்பாட்டில் ஓர் ஆதாயம். அடுத்த ஜூனில் குடும்பம் போவதா என்ற கேள்வி வரும்போது, உங்கள் மனைவிக்கு அங்கே தையல் வேலை கிடைக்குமா என்பதோடு, தாயாரை யார் பார்ப்பது என்பதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும். அதற்குள் நீங்களும் அந்த ஊரில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்திருப்பீர்கள்.

விடுதிக்கு ஆடிப்பெருக்குக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்றீர்கள். அந்தக் கடிதத்தில் தங்குமிடம், சாப்பாடு, தை மாத விடுப்பு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றை முதலில் எழுதி, சம்பளத்துக்குச் சம்மதம் என்பதைக் கடைசியில் எழுதுங்கள். தங்குமிடம் முடியாது என்று எழுத்தில் பதில் வந்தால், ஆலையில் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் எனக்கு மறுபடி ஒரு வரி எழுதுங்கள். கணக்கை வேறு மாதிரி போட வேண்டியிருக்கும்.